ஸ்டீல் ஃபைபர் ஃப்ளோருக்கு எந்த க்யூரிங்: பாத்தியா, சாக்கா, காம்பவுண்டா, நீராவியா?

ஒரகடம் பக்கம் ஒரு குடோன் ஃப்ளோர். 1000 சதுர மீட்டர், 150 மி.மீ. தடிமன், எம்30 காங்கிரீட் (28 நாள்ல சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கற தரம்), ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ ஸ்டீல் ஃபைபர். கணக்கு போட்டா 150 கன மீட்டர் காங்கிரீட்டுக்கு 3750 கிலோ ஃபைபர் வருது, கிட்டத்தட்ட நாலு டன் கம்பித் துண்டு. அதுக்கெல்லாம் மூச்சு விடாம கையெழுத்து போட்ட ஓனர், எஸ்டிமேட்ல கடைசியா க்யூரிங்குக்கு, அதாவது ஊத்தின காங்கிரீட்டைக் காய விடாம ஈரமா வச்சு இறுக விடறதுக்கு, சாக்கு, பாலித்தீன், டேங்கர் தண்ணின்னு ஒரு வரி இருந்ததைப் பாத்ததும் "அதான் ஃபைபர் போடறோமே சார், அப்புறம் இது எதுக்கு"ன்னு கேட்டார்.

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஃபைபர் விக்கறவங்க பாதிப் பேர் அப்படித்தான் பேசறாங்க, விரிசலே வராது சார்னு. அதுவும் போக ஃபைபர்ங்கற ஒரே பேர்ல சம்பந்தமே இல்லாத ரெண்டு சாமான் மார்க்கெட்ல ஓடுது. ஒண்ணு பஞ்சு மாதிரி இருக்கற பாலிப்ரொப்பிலீன், 12 மி.மீ. நீளம், சிமென்ட் மூட்டைக்கு ஒரு பாக்கெட்னு போடறது, கன மீட்டருக்கு 900 கிராம் அளவு. இன்னொண்ணு நுனி வளைஞ்ச ஸ்டீல் கம்பி, 35 இல்ல 60 மி.மீ., கன மீட்டருக்கு 20 லேர்ந்து 40 கிலோ. முதல்ல சொன்னதுக்கு வேலை காங்கிரீட் ஊத்தின முதல் சில மணி நேரம்தான், அது இன்னும் களி மாதிரி இருக்கும்போது வெயில்லயும் காத்துலயும் மேல கீறல் விழாம பிடிக்கும், அதோட அது வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஸ்ட்ரெங்த் ஏத்தாது. ரெண்டாவதுக்கு வேலையே காங்கிரீட் விரிசல் விட்டதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. ரெண்டுமே க்யூரிங்குக்கு மாத்து கிடையாது.

ஸ்டீல் ஃபைபர் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் நின்னு பாக்கணும், இல்லன்னா எந்த க்யூரிங்னு முடிவே எடுக்க முடியாது. 25 கிலோ போட்டதால க்யூப் ஸ்ட்ரெங்த், அதாவது கட்டியா வார்த்து அமுக்கிப் பாக்கற ஸ்ட்ரெங்த், ஏறும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, அமுக்கற ஸ்ட்ரெங்த் பெருசா மாறாது. முதல் விரிசல் விழற லோடும் பெருசா மாறாது. மாறுறது அதுக்கு அப்புறம். சாதா காங்கிரீட் பீம் விரிசல் விட்ட நொடியே ரெண்டா போயிடும், ஃபைபர் பீம் விரிசல் விட்டும் லோடைப் பிடிச்சு நிக்கும். ஐரோப்பிய டெஸ்ட் ஈ.என். 14651-ல பீம் நடுவுல ஒரு வெட்டு போட்டு வளைச்சு, வெட்டோட வாய் 0.5 மி.மீ. திறந்தப்போ எவ்வளவு தாங்குது, 2.5 மி.மீ. திறந்தப்போ எவ்வளவு தாங்குதுன்னு பாப்பாங்க. ஃப்ளோர் டிசைன் பண்றவர் காசு வாங்கறது அந்த நம்பருக்குத்தான். அந்த நம்பரைக் குடுக்கறது கம்பியோட இரும்பு இல்ல, கம்பியைச் சுத்தி இருக்கற சிமென்ட் பேஸ்ட் அதை எவ்வளவு கெட்டியா கவ்வுதுங்கறது. கம்பி உருவிக்கிட்டு வரும்போது அந்த கொக்கி நிமிரணும், நிமிர விடாம பேஸ்ட் தடுக்கணும், அந்த மல்லுக்கட்டுலதான் லோடு நிக்குது. பேஸ்ட் பொடபொடன்னு இருந்தா கொக்கி சுலபமா வழிஞ்சு வந்துடும், நாலு டன் கம்பியும் தண்டம்.

பேஸ்ட் கெட்டியாக தண்ணி வேணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா பலர் கவனிக்காதது, காங்கிரீட் உள்ள இருக்கற துளைங்கள்ல ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா சிமென்ட் ரியாக்ஷன் ஏறக்குறைய நின்னே போயிடும். முழுசா காயணும்னு கூட இல்ல, லேசா காஞ்சாலே வேலை நிக்குது. அதுவும் நம்ம ஊர் சில்லறைல கிடைக்கற சிமென்ட்ல பெரும்பாலும் ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி., இல்லன்னா ஸ்லாக் சிமென்ட். அதுங்க மெதுவா வேலை செய்யற சரக்கு, தண்ணி சீக்கிரம் நின்னா கலப்பில்லாத சாதா சிமென்டான ஓ.பி.சி.யை விட ரொம்ப அடி வாங்கும். நம்ம இந்திய காங்கிரீட் ஸ்டாண்டர்டு ஐ.எஸ். 456 சொல்றதும் அதான், ஓ.பி.சி.க்கு குறைஞ்சது 7 நாள், ஃப்ளை ஆஷ் மாதிரி கலப்பு இருந்தா குறைஞ்சது 10 நாள், சூடும் வறட்சியுமான இடம்னா எதுவா இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக்கூடாது, கலப்பு சிமென்டுக்கு 14 நாள் வரைக்கும் நீட்டினா நல்லது. ஒரகடத்துல மே மாசம் எந்தக் கணக்குல வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப இன்னொரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. காங்கிரீட்டும் காத்தும் 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், காத்து மணிக்கு 15 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, கூரை போடாத திறந்த சைட்ல இது ஒண்ணும் மோசமான நாள் இல்ல. அந்த நிலைமைல ஒரு சதுர மீட்டர்லேர்ந்து ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ தண்ணி ஆவியாப் போகும். அமெரிக்கக்காரங்க ஏ.சி.ஐ. கைடுல இதுக்கு மேல போனா கீறல் ஆபத்துன்னு கோடு போட்டதும் சரியா அங்கதான், மணிக்கு சதுர மீட்டருக்கு 1 கிலோ. நம்ம 1000 சதுர மீட்டருக்கு மணிக்கு ஆயிரம் லிட்டர். மிக்ஸ்ல கலந்த தண்ணிதான் இப்படி நம்ம கண்ணு முன்னாடியே காத்துல போகுது. அதனால க்யூரிங்ங்கறது மறுநாள் காலைல பைப்பைப் பிடிக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கற விஷயமே இல்ல. மேல் பரப்பைத் தேச்சு மழமழன்னு ஆக்கற பவர் ட்ராவல் மிஷின் ஓடி முடிஞ்ச நிமிஷமே ஆரம்பிக்கணும், முடிஞ்சா ராத்திரி ஊத்தணும், இல்லன்னா கூரையும் சைடு ஷீட்டும் போட்டதுக்கு அப்புறம் ஊத்தணும். என்னைக் கேட்டா எந்த க்யூரிங் முறைன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி எந்த நேரத்துல ஊத்தறோம்னு சண்டை போடறது லாபம்.

சரி, முறைங்களுக்கு வருவோம்.

பாத்தி கட்டி தண்ணி நிறுத்தறது. தாத்தா காலத்து முறை, வீட்டு மொட்டை மாடிக்கு எல்லாரும் பண்றது, ஸ்ட்ரெங்த்னு மட்டும் பாத்தா இதை அடிச்சுக்க ஆளில்ல. வெளில போற தண்ணியை நிறுத்தறதோட இல்லாம உள்ள தண்ணி குடுக்கவும் செய்யுது, காங்கிரீட் சூட்டையும் தணிக்குது. ஆனா 1000 சதுர மீட்டருக்கு ஒரு அங்குலம் தண்ணி நிறுத்தணும்னா 25,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் ரெண்டு, அது முதல் நாள் மட்டும். வெயில்ல தினம் குறைஞ்சுக்கிட்டே இருக்கும், ஊத்திக்கிட்டே இருக்கணும். விரிசல் நேர்க்கோட்டுல விழட்டும்னு ஜாயிண்ட் கட் பண்ணின இடத்துல தண்ணி இறங்கி கீழ மண்ணு ஊறும், கீழ ஷீட் சரியா போடலன்னா அது தனி தலைவலி. பக்கத்து பே (ஒரு தடவைல ஊத்தற பட்டை) ஊத்த முடியாது, ரேக் ஆளுங்க உள்ள வர முடியாது. மேல ஒரு மி.மீ. ஆழத்துல படுத்துக் கிடக்கற ஃபைபர் துருப்பிடிச்சு டீக்கறை மாதிரி புள்ளி புள்ளியா வரும். அந்தக் கறையைப் பாத்து ஓனருங்க பதறுவாங்க, ஆனா விரிசல் இல்லாத நல்ல காங்கிரீட்ல அது மேல் தோல்லயே நின்னுடும், ஸ்ட்ரெங்த்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பெயின்ட் அடிக்கற ஃப்ளோர்னா கவலையே வேண்டாம், ஷோரூம் மாதிரி பளபளன்னு வேணும்னா கால்வனைஸ்டு ஃபைபர் வாங்கணும், இல்ல பாத்தியை விடணும்.

பாத்தில இன்னொரு மோசமான பழக்கம் உண்டு. காலைல தண்ணி நிறுத்துவாங்க, மத்தியானத்துக்குள்ள ஒரு மூலை காஞ்சு ஸ்லாப் கொதிக்கும், மூணு மணிக்கு போர் தண்ணியைப் பைப்புல பிடிச்சு அதுமேல அடிப்பாங்க. சுடு தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச கதைதான். க்யூரிங் தண்ணி காங்கிரீட்டை விட 11 டிகிரிக்கு மேல குளிரா இருக்கக்கூடாதுன்னு ஏ.சி.ஐ. சொல்றது இதுக்குத்தான், மேல் தோல் சட்டுனு சுருங்கி மெல்லிசா வலை மாதிரி விரிசல் விடும். அப்புறம் மிக்ஸ் டிசைன் சரியில்லன்னு ரெடிமிக்ஸ் (ஆர்.எம்.சி.) காரங்களோட சண்டை.

அடுத்தது ஈரச் சாக்கு, அதுமேல பாலித்தீன். நான் பெரும்பாலும் இங்கதான் வந்து நிக்கறேன். சாக்கு நனைஞ்சே இருக்கணும், மேல ஷீட் மூடினா ஒரு நாளைக்கு ஒரு தடவை தூக்கிப் பாத்து நனைச்சாப் போதும், தண்ணிச் செலவு பாத்தில பாதிக்கும் கீழ. ஸ்ட்ரெங்த்ல பாத்திக்கு அவ்வளவா குறைவும் இல்ல. ஆனா சாக்கு விஷயத்துல ஒரு எச்சரிக்கை, சர்க்கரை மூட்டைச் சாக்கு எங்கயாவது சல்லிசா கிடைக்குதுன்னு மேஸ்திரி வாங்கிட்டு வந்துடுவார். சர்க்கரை சிமென்டை செட் ஆக விடாது, கொஞ்சூண்டு இருந்தாலே மேல் பரப்பு மாவா நிக்கும். உரச் சாக்கும் வேண்டாம். புதுச் சாக்கையும் ஒரு தடவை அலசிட்டுப் போடணும், அதுல இருக்கற சாயம் ஃப்ளோர்ல இறங்கும். பாலித்தீன் 0.1 மி.மீ.க்கு மெல்லிசா இருந்தா ரெண்டாம் நாளே கிழியும், வெள்ளை ஷீட்னா வெயிலைத் திருப்பி அடிக்கும், கறுப்பு ஷீட் சூட்டை இழுக்கும். ஷீட் மட்டும் தனியா போட்டா சுருக்கம் விழுந்த இடத்துல ஒரு நிறம், ஒட்டின இடத்துல ஒரு நிறம்னு ஃப்ளோர் மேப் போட்ட மாதிரி ஆகும். ஸ்ட்ரெங்த்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஓனர் கண்ணுக்கு அதான் முதல்ல படும்.

இதோட ஒரே எதிரி காத்தும் ஆளுங்களும்தான். ஜாயிண்ட் கட்டர் வந்து ஷீட்டை ஓரமா சுருட்டிட்டு வெட்டுவான், வெட்டினதும் அப்படியே விட்டுட்டுப் போயிடுவான், ஜாயிண்ட் ஓரம்தான் நாளைக்கு ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் ஏறி இறங்கற இடம், அங்க மட்டும் ரெண்டு அடி அகலத்துக்கு க்யூரிங்கே இல்லாம வறண்டு கிடக்கும். ஓரம் பொரிஞ்சு போற ஃப்ளோருல பாதி இப்படித்தான் கெட்டுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

க்யூரிங் காம்பவுண்ட். ஸ்ப்ரே அடிச்சோமா வீட்டுக்குப் போனோமான்னு இருக்கறது. இதை மட்டமாப் பேசறவங்க நிறைய, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், நல்ல காம்பவுண்டை சரியான நேரத்துல சரியான அளவுல அடிச்சா, அரைகுறையா தண்ணி ஊத்தறதை விட எவ்வளவோ மேல். அமெரிக்க ஸ்டாண்டர்டு ஏ.எஸ்.டி.எம். சி309 படி, 38 டிகிரி சூட்டுலயும் 32 சதவீத ஈரப்பதத்துலயும் வச்சு 72 மணி நேரத்துல சதுர மீட்டருக்கு 0.55 கிலோவுக்கு மேல தண்ணி போகக்கூடாது. மேல சொன்ன கணக்கோட வச்சுப் பாருங்க, மூடாத காங்கிரீட் ஒரே மணி நேரத்துல ஒரு கிலோ விடுது, இது மூணு நாளைக்கு அரைக் கிலோ சொச்சம். ஆனா இது தண்ணி குடுக்காது, இருக்கறதைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். வாட்டர் சிமென்ட் ரேஷியோ (தண்ணி எடையை சிமென்ட் எடையால வகுத்தது) 0.42-க்குக் கீழ போற மிக்ஸ்ல உள்ள இருக்கற தண்ணியே முழு ரியாக்ஷனுக்குப் பத்தாது, அங்க பூட்டு மட்டும் போட்டா போதாது, வெளிலேர்ந்து ஈரம் வேணும். எம்30 ஃப்ளோர் மிக்ஸ் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும்ங்கறதால ஓடிடும்.

சிக்கல் எங்கன்னா அளவுல. ஒரு லிட்டருக்கு அஞ்சு சதுர மீட்டர்னு அடிக்கணும், நம்ம 1000 சதுர மீட்டருக்கு 200 லிட்டர், ஒரு முழு பேரல். சைட்ல ஆளுங்க தண்ணி கலந்து பாதி பேரல்ல முடிச்சுட்டு மீதியை அடுத்த சைட்டுக்கு எடுத்துட்டுப் போற கூத்தை நான் பாத்திருக்கேன். நிறமில்லாத காம்பவுண்டுல எங்க அடிச்சான் எங்க விட்டான்னே தெரியாது, வெள்ளை கலந்ததை வாங்குங்க, விட்ட இடம் கண்ணுல தெரியும். இன்னொண்ணு, மெழுகு காம்பவுண்ட் அடிச்ச ஃப்ளோர்ல பின்னாடி எப்பாக்ஸி பெயின்ட் ஒட்டாது, உரிஞ்சு உரிஞ்சு வரும், முழுசா தேச்சு எடுத்தாதான் ஆச்சு. அப்புறம் சோடியம் சிலிகேட், லித்தியம் சிலிகேட்னு ஃப்ளோர் ஹார்டனர் திரவம் இருக்கே, அதை அடிச்சா க்யூரிங்கும் ஆச்சுன்னு சொல்லி விப்பாங்க. அது பரப்பை இறுக்கற சாமான், தண்ணியைப் பூட்டற சாமான் இல்ல, சி309 அளவை அது தொடாது.

நாலாவது, நம்ம தேசிய முறை. காலைலயும் சாயங்காலமும் வாட்ச்மேன் பைப்பைப் பிடிச்சு மூணு நாள் தண்ணி அடிக்கறது. நனையும், காயும், நனையும், காயும். பாக்கறதுக்கு க்யூரிங் நடக்கற மாதிரியே இருக்கும், ரெஜிஸ்டர்ல கையெழுத்தும் இருக்கும். ஸ்லாப்பைத் துளைச்சு கோர் (உருளைத் துண்டு) எடுத்துப் பாத்தா பல நேரம் பாஸ் கூட ஆகும், அதுதான் இதுல விஷயமே. 150 மி.மீ. ஸ்லாப்ல அடியில இருக்கற காங்கிரீட் சுலபமா காயாது, மோசமான க்யூரிங் தின்னுறது மேல் 30 லேர்ந்து 50 மி.மீ.யை. கோரை அமுக்கும்போது அந்த மேல் தோலை வெட்டி எடுத்துட்டு சமப்படுத்திதானே அமுக்கறோம். ஆனா ஃப்ளோருக்கு வலி எங்க? சக்கரம் நடுவுல நின்னா இழுவிசை அடியில, சரி. மூலைலயும் ஓரத்துலயும் லோடு வந்தா ஸ்லாப் தொங்கற பலகை மாதிரி வளையும், இழுவிசை மேல வரும். மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கினா ஓரம் அப்பளம் மாதிரி மேல தூக்கிக்கும், அடியில மண்ணு இல்லாம அந்தரத்துல நிக்கும், இழுவிசை இன்னும் கூடும். ஆக மூலை விரிசலைப் பிடிக்க வேண்டிய ஃபைபர் இருக்கறது க்யூரிங் கிடைக்காத அந்த மேல் ரெண்டு அங்குலத்துலதான். காசு குடுத்து வாங்கின கம்பி, வேலை வர்ற இடத்துல பிடிமானம் இல்லாம நிக்குது.

இதுக்கு எதிர்வாதம் ஒண்ணு உண்டு, நியாயமானது, சொல்லிடறேன். பேஸ்ட் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்கும், அதனால உருவற விசை ஏறும்னு. ஒத்தைக் கம்பியை வச்சு யோசிச்சா சரிதான். ஆனா ஸ்லாப்ல அந்தச் சுருக்கத்தை அடியில தரையும் பக்கத்து காங்கிரீட்டும் விடாம தடுக்குது, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி விரிசலா அது வெளில வருது, பேஸ்டும் அரை வேக்காடு. இறுக்கத்துல கிடைச்சது விரிசல்ல போயிடும். ஈரமா க்யூர் பண்ணினா சுருக்கமே வராதுன்னும் நான் சொல்லல, பத்து நாள் கழிச்சு சாக்கை எடுத்ததும் காய ஆரம்பிக்கும், சுருங்கவும் செய்யும். வித்தியாசம் என்னன்னா அதுக்குள்ள காங்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கற வயசு வந்துடும்.

நம்பர் வேணும்னா எளிமையா ஒண்ணு. ஐ.எஸ். 456-ல வளைவு ஸ்ட்ரெங்த் 0.7 பெருக்கல் க்யூப் ஸ்ட்ரெங்த்தோட வர்க்கமூலம். எம்30-க்கு 3.83 எம்.பி.ஏ. (சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன்) வரும். மேல் தோல் க்யூரிங் இல்லாம எம்20 அளவுலயே நின்னுட்டா 3.13. முதல் விரிசல் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்ச லோடுலயே விழுந்துடும், அதை ஈடு கட்ட எத்தனை கிலோ ஃபைபர் கூடப் போட்டாலும் அது விரிசலை நிறுத்தப் போறதில்ல, விழுந்த விரிசலைப் பிடிக்கத்தான் பாக்கும்.

மோல்டுல வார்த்து துண்டு துண்டா விக்கற ப்ரீகாஸ்ட் யார்டு வச்சிருக்கறவங்களுக்குக் கதை வேற, அவங்களுக்கு நீராவிதான். காலைல மோல்டு கழட்டலன்னா தொழிலே ஓடாது. ஊத்தினதும் உடனே நீராவியைத் திறக்காம மூணு நாலு மணி நேரம் சும்மா விடணும், அப்புறம் மணிக்கு 20 டிகிரிக்கு மேல ஏத்தாம 60, 65 வரைக்கும் கொண்டு போய் நிறுத்தி, இறக்கும்போதும் அதே நிதானம். அவசரப்பட்டு ஏத்தினா இன்னும் இறுகாத பேஸ்ட் உப்பி, கம்பியைச் சுத்தி இடைவெளி விழும். முதல் நாள் ஸ்ட்ரெங்த் பிரமாதமா வரும், ஆனா 28 நாள்ல அதே மிக்ஸை சாதாரண சூட்டுல தண்ணில வச்சதுகிட்ட தோத்துடும், சீக்கிரம் வளந்த பேஸ்ட் முரட்டு நெசவு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். காங்கிரீட் உள் சூடு 70 டிகிரியைத் தாண்டினா எட்ரிஞ்சைட்னு ஒரு உப்பு அப்போ உருவாகாம தள்ளிப் போய், வருஷக் கணக்குல கழிச்சு ஈரம் பட்டதும் உருவாகி உள்ளேர்ந்து பிளக்கற ஆபத்தும் இருக்கு. நீராவி முடிஞ்சதும் வெளில தூக்கிப் போட்டு வெயில்ல காய விடறதுதான் நம்ம யார்டுகள்ல நான் பாக்கற பெரிய தப்பு, அப்புறமும் கொஞ்ச நாள் ஈரம் காட்டணும்.

இந்த 70 டிகிரி விதி உடையற ஒரு இடம் இருக்கு, அது எனக்கு ஆச்சரியமான இடம். யு.எச்.பி.சி.ன்னு சொல்ற அதி வலு காங்கிரீட், வாட்டர் ரேஷியோ 0.2 பக்கம், சிலிகா ஃப்யூம்ங்கற ரொம்ப நைஸான சிலிகாத் தூள், 13 மி.மீ. நீளத்துக்கு முடி மாதிரி ஸ்டீல் ஃபைபர் 2 சதவீதம், அதாவது கன மீட்டருக்கு 156 கிலோ. அமெரிக்க ஹைவே துறைக்காக 2006-ல வந்த ஒரு பெரிய சோதனை அறிக்கைல ஒரே மிக்ஸை நாலு விதமா க்யூர் பண்ணிப் பாத்தாங்க. ஒண்ணுமே பண்ணாம லேப்ல விட்டது 28 நாள்ல 126 எம்.பி.ஏ., 90 டிகிரி நீராவில 48 மணி நேரம் வச்சது 193, 60 டிகிரில வச்சது 171, ரெண்டு வாரம் சும்மா வச்சு அப்புறம் 90 டிகிரி குடுத்தது அதுவும் 171. மிக்ஸ் ஒண்ணு, ஃபைபர் ஒண்ணு, க்யூரிங் மட்டும் மாறினதுக்கு 67 எம்.பி.ஏ. வித்தியாசம், நம்ம எம்30 ரெண்டை அடுக்கினா கூட பத்தாது. உப்பு எவ்வளவு ஊடுருவும்னு மின்சாரம் விட்டுப் பாக்கற குளோரைடு டெஸ்ட்ல (நம்பர் குறைஞ்சா நல்லது) நீராவி வாங்கினது 18 கூலோம், சும்மா விட்டது 28 நாள்ல 360. அங்க 90 டிகிரி எடுபடறதுக்குக் காரணம், தண்ணி அவ்வளவு கம்மி, சூடு சிலிகா ஃப்யூமை எழுப்பி விட்டு மீதி சுண்ணாம்பைத் தின்ன வைக்குது. கனடாவுல ஷெர்ப்ரூக்ல 1997-ல கட்டின 60 மீட்டர் நடைபாலம் இப்படி 90 டிகிரி வாங்கின துண்டுகளைக் கோத்ததுதான். இதைப் படிச்சுட்டு எம்30 ஃப்ளோர் ஸ்லாபுக்கு 90 டிகிரி குடுக்கலாமான்னு யாரும் கேட்காதீங்க, கேட்டாங்க ஒரு தடவை.

கண்ணாடி இழை போட்ட ஜி.ஆர்.சி. பேனல், அதாவது கட்டட முகப்புல தொங்கற மெல்லிசு பலகைக்கு நான் மேல சொன்னதெல்லாம் பாதி தலைகீழ். சிமென்டோட காரம் சாதா கண்ணாடியைத் தின்னுடும், அதனால 16 சதவீதத்துக்கு மேல ஜிர்கோனியா கலந்த கண்ணாடி வேணும், பிரிட்டன்ல பில்கிங்டன் கம்பெனி 1970-கள்ல செம்ஃபில்னு கொண்டு வந்தது அதைத்தான். அப்படியும் வருஷக் கணக்கா சூடும் ஈரமும் சேந்தா சுண்ணாம்புப் படிகம் இழைக் கத்தைக்குள்ள வளந்து இழையை மடங்க விடாம உடைக்கும். வயசாக்கிப் பாக்கற டெஸ்டே வெந்நீர்ல போட்டு வைக்கறதுதான், க்யூரிங்கும் சித்திரவதையும் ஒரே தொட்டில. அதனால ஜி.ஆர்.சி. பண்றவங்க அக்ரிலிக் பாலிமர் கலந்து ஏழு நாள் ஈர க்யூரிங்கையே தவிர்க்கறாங்க, பாலிமர் உள்ளயே படலம் கட்டித் தண்ணியைப் பிடிச்சுக்கும். தென்னை நார் போட்டுப் பாக்கற காலேஜ் ப்ராஜெக்ட் பசங்களுக்கும் இதே கதை, காரமும் நனைஞ்சு காயறதும் நாரை அரிச்சுடும், 28 நாள் ரிசல்ட்டைப் பாத்து சந்தோஷப்பட வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு உடைச்சுப் பாருங்க. பாலிப்ரொப்பிலீனுக்கு காரம் பிரச்சனை இல்ல, ஆனா 165 டிகிரி பக்கம் உருகிடும், அதனால 170, 180 டிகிரில ஆட்டோக்ளேவ் பண்ற (அழுத்த நீராவில வேக வைக்கற) சிமென்ட் போர்டுல அது கிடையாது, மரக்கூழ் நார்தான்.

முடிவெடுக்கறவங்களை ஏமாத்தற இன்னொரு இடம் லேப். க்யூப் 27 டிகிரி தண்ணித் தொட்டில 28 நாள் சொகுசா இருக்கு, ஸ்லாப் வெயில்ல கிடக்கு, ரெண்டுக்கும் பேர் எம்30. சரி, க்யூபையும் ஸ்லாப் பக்கத்துலயே வச்சுப் பாப்போம்னு நினைச்சாலும் ஒரு பொறி இருக்கு. காஞ்ச க்யூப் அமுக்கும்போது ஈரமா இருக்கறதை விட கொஞ்சம் கூடவே காட்டும், காஞ்ச பீம் வளைக்கும்போது குறைச்சுக் காட்டும், ஏன்னா மேல் தோல் காஞ்சு ஏற்கனவே இழுவைல இருக்கு. க்யூப் நல்லா இருக்கு பீம் மோசமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்ததும் ஃபைபர் டூப்ளிகேட்னு சப்ளையர் மேல பாய்வாங்க, பல நேரம் பீமைத் தொட்டிலேர்ந்து எடுத்து லேப் வராண்டால அரை நாள் ஃபேனுக்குக் கீழ வச்சிருப்பாங்க. பீமை ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போய் ஈரமாவே உடைக்கணும். ஃபைபர் காங்கிரீட்டை க்யூப் வச்சு மட்டும் பாஸ் போடறதே அர்த்தமில்லாத வேலை, அது தனிக் கட்டுரைக்கான புலம்பல்.

நல்லா க்யூர் பண்ணினா எல்லா நம்பரும் ஏறும்னும் இல்ல. பேஸ்ட் ரொம்ப கெட்டியாகி கம்பி சாதா ஸ்டீலா இருந்தா, உருவறதுக்கு பதிலா கம்பி அறுந்துடும், பட்டுனு போயிடும், விரிசலுக்கு அப்புறம் தாங்கற நம்பர் இறங்கும். சுரங்கத்துல அடிக்கற ஸ்ப்ரே காங்கிரீட்ல வயசாக வயசாக இந்த மாதிரி ஆகறதைப் பாத்திருக்காங்க. எம்30-ல இந்தக் கவலை கிடையாது, எம்60-க்கு மேல போறவங்க கம்பியோட இழுவை ஸ்ட்ரெங்த்தை சேர்த்துக் கூட்டி வாங்கணும், க்யூரிங்கைக் குறைச்சு சரி பண்ணக் கூடாது.

ஒரகடம் ஃப்ளோருக்கு வருவோம். எப்பாக்ஸி அடிக்கப் போறாங்க, அதனால மெழுகு காம்பவுண்ட் முதல் ரவுண்டுலயே அவுட். கூரை போட்டாச்சு, ஆனா சைடு ஷீட் இன்னும் பாக்கி, காத்து உள்ள வரும். ஒரு பே முடிச்சு ரெண்டாம் நாளே பக்கத்து பே, அதனால பாத்தியும் ஒத்து வராது. பி.பி.சி. சிமென்ட். ஆக சாக்கும் வெள்ளை பாலித்தீனும், பத்து நாள், முதல் ராத்திரி மட்டும் ட்ராவல் முடிஞ்சதும் நேரா ஷீட், காலைல கால் வைக்கற அளவு இறுகினதும் ஜாயிண்ட் வெட்டி முடிச்சு, அப்புறம் சாக்கை விரிச்சு நனைச்சு அதே ஷீட்டை மேல மூடறது. கூரை, சைடு எல்லாம் முடிஞ்சு, எப்பாக்ஸியும் கிடையாது, ஆள் பஞ்சம்னு ஒரு சைட் இருந்தா நான் காம்பவுண்டுக்கே ஓட்டு போட்டிருப்பேன், வெள்ளை கலந்தது, பேரல் காலியானதைக் கண்ணால பாத்து. ஓனர் கடைசில தண்ணி டேங்கர் பில்லைக் குறைக்க முடியுமான்னு கேட்டார், சரின்னு சொன்னேன், ஃபைபரை 25 லேர்ந்து 20 ஆக்கறேன்னும் அவரே சொன்னார், அதுக்கு டிசைனரைக் கேட்கணும்னு சொல்லியிருக்கேன். சாக்கு 900 வாங்கச் சொல்லி ஆள் போயிருக்கு, சர்க்கரை மூட்டை வேண்டாம்னு மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன், இருந்தாலும் வந்ததும் ஒண்ணை மோந்து பாக்கணும்.